வகாண்டா ராஜாவுக்கு எந்த ஊர் மேளம்?

தாளக்கிறுக்கன்: நேத்து ‘பிளாக் பாந்தர்’ (2018) மறுபடி பார்த்தேன். அதில் வர்ற கற்பனை நாடு வகாண்டா இருக்கிறது கிழக்கு ஆப்பிரிக்காவில். பேசுறது தென்னாப்பிரிக்காவின் கோசா மொழி. ராஜாவுக்கு அடிக்கிறது மேற்குக் கோடி செனகல் மேளம். இது ஒரு நாட்டு மரபா, கதம்ப சாதமா?

ஓரக்கண்: மொழி வந்தது தற்செயல் தலைவரே. இதுக்கு முன்னாடி வந்த 2016 ‘கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்’ படத்தில் அப்பா ராஜாவாக வந்த ஜான் கானி தன் தாய்மொழியான கோசாவில் நாலு வார்த்தை பேசினார், அதுவே நாட்டுமொழி ஆயிடுச்சு. இசை அப்படி இல்லை. படத்தின் இசையமைப்பாளர் லுட்விக் யோரான்சன் செனகலுக்கே போய், பாடகர் பாபா மாலோடு ஊர் ஊராகச் சுற்றினார். அங்கே பிடித்ததுதான் தமா. நம்ம உடுக்கை மாதிரி இடுப்பு சிறுத்த மேளம். கக்கத்தில் இடுக்கி வளைந்த குச்சியால் தட்டணும். கையால் கயிறுகளை நெரிக்க நெரிக்க சுரம் ஏறும். செனகல் தமா கலைஞர் மசம்பா ஜோப் அதில் ‘டி-சா-லா’ன்னு ராஜா பேரையே கூப்பிடுறார். இதையா கதம்பம்ங்கிறீங்க?

தாளக்கிறுக்கன்: வாசிப்பை யார் குறை சொன்னா? கிழக்கு ஆப்பிரிக்க நாடான புருண்டியில் மேளத்துக்கு இங்கோமான்னு பேர். அரசாட்சிக்கும் அதே சொல். மரத்தைக் குடைஞ்ச கனமான மேளத்தைத் தலையில் சுமந்துகிட்டே அடிப்பாங்க, நடுவில் ஒருத்தர் எகிறி எகிறி ஆடுவார். 2014ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஆட்டம். பக்கத்து வீட்டிலேயே ராஜமேளம் இருக்க, கண்டத்தின் மறுகோடிக்கு ஏன் போகணும்?

சும்மா_வந்தேன்: இந்த இசைக்கு ஆஸ்கரே கொடுத்தாச்சு, விடுங்கப்பா.

ஓரக்கண்: விட முடியாது. தூரத்தைப் பார்க்கிறீங்க, வேலையைப் பாருங்க. அருவியில் அரியணைக்கான சண்டைக்கு அடிக்கிறது சபார்ங்கிற இன்னொரு செனகல் மேளம். ஒரு கையில் குச்சி, மறுகை வெறுங்கை. செனகலில் லாம்ப் மல்யுத்தத்துக்கு அதைத்தான் அடிக்கிறாங்க. மல்லுக்கு மல்லுமேளம், கச்சிதமா இல்லையா?

தாளக்கிறுக்கன்: சரி, அருவி உங்களுக்கே. ஆனா செனகலில் சபார்னா மேளம் மட்டும் இல்லை, அதுக்கு ஆடுற ஆட்டத்துக்கும் அதே பேர். வட்டத்துக்குள் குதிச்சு ஒருத்தி காலைத் தூக்கினா, மேளக்காரர் அந்தக் காலுக்குப் பதில் சொல்லணும். படத்தில் கூட்டம் பாறைமேல் நின்னு அசையுது, அவ்வளவுதான். மேளத்தைக் கூட்டிவந்தவங்க ஆட்டக்காரியை ஊரிலேயே விட்டுட்டாங்க.