லத்தீனில் 'அபிஸ்', பிரெஞ்சில் 'அபேய்': தேனீயின் பெயர் ஏன் இப்படி மாறியது?

ரோஸ்ஹில் தமிழாசிரியை:

அனைவருக்கும் வணக்கம். மொரிசியசில் மாலை நேரத் தமிழ் வகுப்பு ஒன்றை நடத்தி வருகிறேன். சென்ற வாரம் ஒரு மாணவி பூச்சிகளின் லத்தீன், பிரெஞ்சு, தமிழ்ப் பெயர்களை மூன்று வரிசையாக எழுதிக் கொண்டுவந்தாள். எறும்புக்கு 'ஃபொர்மீகா', பிரெஞ்சில் 'ஃபுர்மி'. ஈக்கு 'முஸ்கா', 'மூஷ்'. தெள்ளுப்பூச்சிக்கு 'பூலெக்ஸ்', 'ப்யூஸ்'. இவற்றில் தாயின் சாயல் பிள்ளையிடம் தெரிகிறது. தேனீயிடம் வந்ததும் அவள் பென்சிலை வைத்துவிட்டாள். 'அபிஸ்' என்ற குட்டிச் சொல் 'அபேய்' என்று எப்படி நீண்டது? பிரெஞ்சிலிருந்து கிளைத்து இங்கே நாம் பேசும் கிரியோலில் தேனீயை 'மூஸ் திமியெல்' என்கிறோமே, அது எங்கிருந்து வந்தது? பூச்சி இனத்துக்கே பெயரான 'இன்செக்தும்' என்பதற்கு 'வெட்டப்பட்டது' என்று அகராதி பொருள் தருகிறது. யார் வெட்டினார்கள் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியர், போர்ட் லூயிஸ்:

அம்மா, உங்கள் மாணவி நிறுத்திய இடம்தான் இதில் மிகச் சுவையான இடம். ழூல் ஜில்லியெரோன் என்ற மொழியறிஞர் பிரெஞ்சு நிலத்தில் தேனீக்கு வழங்கும் பெயர்களை மட்டுமே ஆராய்ந்து 1918இல் ஒரு நூலே வெளியிட்டார். லத்தீன் பேச்சு பிரான்சின் வடபகுதியில் பிரெஞ்சாகத் திரிந்தபோது சொற்களின் கடைசி அசைகள் உதிர்ந்தன. நீண்ட சொற்கள் அந்த இழப்பைத் தாங்கிக்கொண்டன. 'அபிஸ்' ஏற்கெனவே சிறியது என்பதால் தேய்ந்து தேய்ந்து 'எஃப்' என்றும், பன்மையில் வெறும் 'எஸ்' என்றும் நின்றது. வாயில் போட்டால் கரைந்துவிடும் சொல்லை வைத்துக்கொண்டு மக்கள் எத்தனை நாள் பேச முடியும்? தென்பகுதியிலோ 'குட்டித் தேனீ' என்று பொருள்படும் 'அபிகுலா' என்ற வடிவம் முன்பே வழக்கில் இருந்தது. அது அங்கே 'அபெல்யா' ஆயிற்று. வடக்கே அதைக் கடன்வாங்கி 'அபேய்' என்றார்கள். ஆகவே இன்றைய பிரெஞ்சுச் சொல் 'அபிஸ்' பெற்ற பிள்ளை அன்று. அதன் செல்லப் பெயர் பெற்ற பிள்ளை.

வடக்கே பல ஊர்களில் வேறொரு வழியும் கண்டார்கள். தேய்ந்த சொல்லை விட்டுவிட்டு, 'தேன் ஈ' என்ற பொருளில் 'மூஷ் ஆ மியெல்' என்று புதிதாகக் கட்டினார்கள். நம் தீவின் 'மூஸ் திமியெல்' அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. இப்போது உங்கள் மாணவியைத் தமிழ் வரிசையைப் பார்க்கச் சொல்லுங்கள். 'ஈ' என்பது நம் மொழியில் ஓரெழுத்து ஒருமொழி. அதன்முன் தேனைச் சேர்த்தால் தேனீ. ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் ஒரே கட்டுமானத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. நாற்பது ஆண்டுகள் பிரெஞ்சு கற்பித்த எனக்கு இது பேரக்குழந்தைக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்த நாளில்தான் உறைத்தது.

கூரெபிப் வாசகர்:

'வெட்டப்பட்டது' பற்றி நான் சொல்கிறேன். அரிஸ்டாட்டில் இவ்வகை உயிர்களுக்கு 'எந்தோமா' என்று கிரேக்கத்தில் பெயரிட்டார். ரோமானியர் அதை அப்படியே லத்தீனாக்கி 'இன்செக்தா' என்றார்கள். முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் பிளினி, தம் இயற்கை வரலாற்றின் பதினோராம் பாகத்தில், கழுத்திலும் மார்பிலும் வயிற்றிலும் வெட்டுவிழுந்தது போன்ற உடல் இருப்பதால் இப்பெயர் என்று விளக்குகிறார். சன்னல் விளிம்பில் செத்துக் கிடக்கும் 'மூஸ் சோன்' (மஞ்சள் குளவி) ஒன்றைத் தாளில் எடுத்து உருப்பெருக்கியின் கீழ் வையுங்கள். மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே நூல் அளவான இணைப்பு தெரியும். வயிற்றின் மேல் வளையம் வளையமாகக் கோடுகள் தெரியும். பிள்ளைகளின் கேள்விக்கு அதுவே விடை.

நம் முன்னோர் உடலைப் பார்த்து வகுக்கவில்லை. புலனறிவை எண்ணி வகுத்தார்கள். தொல்காப்பிய மரபியல் சிதலுக்கும் (கறையான்) எறும்புக்கும் மூன்றறிவும், நண்டுக்கும் தும்பிக்கும் நான்கறிவும் சொல்கிறது. நண்டையும் தும்பியையும் ஓரிடத்தில் வைத்ததைப் படித்து வியந்திருக்கிறேன். லத்தீனிலும் 'லோகுஸ்தா' என்றால் வெட்டுக்கிளி. கடலில் இருக்கும் பெரிய இறாலும் அதே 'லோகுஸ்தா'. நம் மீன் சந்தையில் 'லாங்கூஸ்த்' என்று கேட்டு வாங்குகிறோமே, அது அந்த வெட்டுக்கிளியின் பெயர்தான்.

திரியோலே வாசகி:

வண்ணத்துப்பூச்சியை விட்டுவிடாதீர்கள். லத்தீன் 'பாபிலியோ' பிரெஞ்சில் 'பாபியோன்' ஆனது. இறக்கை விரித்தது போலத் துணி விரிந்ததால் கூடாரத்துக்கும் ரோமானியர் அப்பெயரையே வழங்கினார்கள்; அதிலிருந்து 'பவியோன்' வந்து, பின்னர் கப்பற்கொடியையும் குறித்தது. தைப்பூசக் காவடிக்குக் கோவிலில் கொடியேறும்போது நாம் கிரியோலில் சொல்லும் 'பவியோன்' இதுவே.

ரோஸ்ஹில் தமிழாசிரியை:

ஐயா, உங்கள் விளக்கத்தை நாளைக்கே கரும்பலகையில் எழுதப் போகிறேன். இன்னும் ஒன்று: தேனீயின் அறிவியல் பெயர் மாணவியின் பாடநூலில் 'அபிஸ் மெல்லிஃபெரா' என்றும், அவள் தாத்தாவின் பழைய நூலில் 'மெல்லிஃபிகா' என்றும் இருக்கின்றன. எது சரி?

தேனீ வளர்ப்பவர், ரியூனியன்:

'மெல்லிஃபெரா' என்று எழுதுங்கள். 'ஃபெர்' சுமப்பதையும் 'ஃபிக்' செய்வதையும் குறிக்கும். உயிரினங்களுக்கு லத்தீன் பெயர் வகுத்த அறிஞர் லின்னேயஸ் 1758இல் 'தேன் சுமப்பவள்' என்று பெயரிட்டார். தேனீ சுமந்து வருவது பூவின் மதுவைத்தான், தேனைக் கூட்டில்தான் ஆக்குகிறது என்பதனால் 1761இல் 'தேன் ஆக்குபவள்' என்று திருத்தினார். ஆனால் முதலில் அச்சான பெயரே நிலைக்க வேண்டும் என்பது பெயரிடும் விதி. பொருளில் இரண்டாவதே சரி என்பது, லிச்சி பூக்கும் காலத்தில் அடையைத் தூக்கிப் பார்க்கும் எவருக்கும் தெரியும்: புதிதாகக் கொண்டுவந்த மது தண்ணீராகத் தளும்பி, சற்றுச் சாய்த்தாலே சொட்டும், மெழுகால் மூடிய அறைகளில் இருப்பதுதான் தேன். நம் தீவுகளின் கரிய தேனீக்கு மூன்றாவதாக 'உனிகோலோர்', அதாவது ஒரே நிறத்தவள், என்ற சொல்லும் சேரும். மாணவியின் வரிசையில் அதையும் எழுதச் சொல்லுங்கள்.