ஜீப்பின் துணிக்கூரைக்கு எந்த வகைப் பொத்தான் பொருத்தலாம்?

அனைவருக்கும் வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் எங்களிடம் உள்ள பழைய மகிந்திரா ஜீப்புக்குப் புதிய கேன்வாஸ் கூரை தைக்கக் கொடுத்திருக்கிறோம். அதை வண்டியின் உடலோடு பிணைக்கும் பொத்தான்களைத் தேர்வு செய்ய உங்கள் ஆலோசனை தேவை.

முன்பு இருந்தவை இரும்புப் பிரஸ் பட்டன்கள். நிக்கல் பூச்சு உரிந்த இடங்களில் துரு ஏறி, துணியில் ஒவ்வொரு பொத்தானைச் சுற்றியும் செம்பழுப்பு வளையம் படிந்துவிட்டதோடு, வேகமாக ஓட்டும்போது காற்று புகுந்து பின்பக்கப் பொத்தான்கள் தாமாகவே கழன்றும் வந்தன. ஆகவே இம்முறை பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். பின்பக்கத்துக்கு, ஒரே பக்கத்திலிருந்து தூக்கினால் மட்டும் திறக்கும் லிஃப்ட் தி டாட் வகையையும், அடிக்கடி கழற்றும் பக்கத் திரைகளுக்குத் திருகிப் பூட்டும் டர்ன் பட்டனையும் எண்ணியிருக்கிறேன். ஓரத்தை மடித்து உள்ளே பட்டை வைத்துத் தைப்பதால் துணி தடிமனாகிறது. அதற்குத் துணியை ஊடுருவிச் செல்லும் பொத்தான் தண்டின் நீளம் எவ்வளவு வேண்டும்?

ஆம்பூர்ப் பக்கம் தோல் பொருள்களுக்கான பொத்தான் எளிதில் கிடைக்கும் (பித்தளை என்று சொல்லி விற்பதைக் காந்தம் வைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்). காலணிக்கும் பைக்கும் செய்த அந்தச் சரக்கு, நம் ஊர் வெயிலில் நாள் முழுதும் இழுபட்டு நிற்கும் கூரையைத் தாங்குமா? பயன்படுத்தியவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள்.