சாங்கியிலிருந்து நியூயார்க்: ஒரே தேதியில் இரண்டு மாலைகள்

ஈசூன் உறுப்பினர்:

நியூயார்க்கில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அம்மாவை அழைத்துச் செல்வதென்று முடிவானதும், பயணச்சீட்டின் விலைக்கு முன்பாக நான் பார்த்தது பயண நேரத்தைத்தான். அம்மாவுக்கு நீரிழிவு, காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒரு மாத்திரை. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கும் நேர்த்தொலைவு ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர். எங்கும் இறங்காமல் பறக்கும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சேவைக்கு அட்டவணையில் 18 மணி நேரத்துக்கு மேல் போட்டிருந்தார்கள்; நாங்கள் சென்ற ஜனவரியிலோ 17 மணி 20 நிமிடத்தில் தரையிறங்கிவிட்டோம்.

காரணம் காற்று. மிகக் குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டிச் செல்கிறது. அதை விட்டுவிட்டு, தொலைவு கூடினாலும் பரவாயில்லை என்று, குளிர்காலத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வலுத்து வீசும் ஜெட் காற்றோட்டத்தின் முதுகில் ஏறி வடபசிபிக் மீது பறக்கிறார்கள். ஜப்பானுக்கு அருகே இருக்கைத் திரையில் வேகம் மணிக்கு 1,150 கிலோமீட்டரைத் தொட்டது.

நண்பகல் கடந்து புறப்பட்டோம். வழியில் இருட்டியது, விடிந்தது, பிறகு அதே தேதியின் மாலையில் இறங்கினோம். இடையில் தேதிக்கோட்டைக் கடந்துவிட்டதால் அம்மாவுக்கு ஒரே நாளில் இரண்டு மாலைகள். பலதுறை மருந்தகத்தில் முன்பே கேட்டு மணிக்கணக்கைத் தாளில் எழுதி வைத்திராவிட்டால், எந்த மாலைக்கு எந்த மாத்திரை என்று நானே குழம்பியிருப்பேன்.

திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக வந்தோம். பதினெட்டரை மணி நேரம் ஆயிற்று. வெள்ளி இரவு ஏறி ஞாயிறு விடியலில் இறங்கினோம். திரையில் சென்னை என்ற பெயரைப் பார்த்ததும், “இங்கேயே இறக்கிவிடச் சொல்லேன், பெரியம்மாவைப் பார்த்துட்டு வந்துடுறேன்” என்றார் அம்மா. போனதும் கிழக்கே, வந்ததும் கிழக்கே. மூன்று வாரத்தில் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

செங்காங் உறுப்பினர்:

நீங்கள் சென்ற, எங்கும் இறங்காத அந்த ஏ350 விமானத்தில் மொத்தமே 161 இருக்கைகள். சாதாரண வகுப்பு கிடையாது. ஐந்து பேர் கொண்ட எங்கள் குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகாததால், ஜூன் பள்ளி விடுமுறையில் ஃபிராங்க்ஃபர்ட் வழியாகச் சென்றோம். இரண்டு கட்டங்களையும் கூட்டினால் ஏறக்குறைய 16,500 கிலோமீட்டர், இடைநிறுத்தத்தையும் சேர்த்து 23 மணி நேரம். பிள்ளைகள் நடுவில் இறங்கிக் கால் நீட்டி நடந்ததை எண்ணினால், கூடுதலாகச் செலவான அந்த ஐந்து மணி நேரம் எனக்கு இழப்பாகவே தெரியவில்லை.

உடன் வந்த என் மாமனார் கைக்கடிகாரத்தைத் திருப்பவே மறுத்துவிட்டார். கோடையில் இரண்டு ஊர்களுக்கும் சரியாக 12 மணி நேர வேறுபாடு என்பதால், அங்கிருந்த நாள் முழுவதும் முள் சரியாகவே காட்டிக்கொண்டிருந்தது. உங்களைப் போல ஜனவரியில் போயிருந்தால் 13 மணி. ஒரு மணி நேரம் பிசகியிருக்கும்.