பெர்ஷிங் லவுஞ்ச் ரெக்கார்டு: எழுதி வைத்து வாசித்ததா, தானாக வந்ததா?

இரவுரேடியோ:
ஜாஸ் பியானோக்காரர் அஹமத் ஜமாலின் டிரியோ (பியானோ, பாஸ், டிரம்ஸ் என மூவர் குழு) வாசித்த பெர்ஷிங் லைவ் ஆல்பத்தை ஒரு வாரமாகத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். 1958 ஜனவரி 16, சிகாகோவில் பெர்ஷிங் ஹோட்டலின் லவுஞ்சில் பதிவானது. பின்னால் ஜனங்கள் பேசுகிறார்கள், ஆனால் மேடையில் மூன்று பேரும் ஒருவர் மூச்சு விடுவது அடுத்தவருக்குக் கேட்கிற மாதிரி வாசிக்கிறார்கள், நிற்க வேண்டிய இடத்தில் சேர்ந்து நிற்கிறார்கள். இது முன்னாடியே தீர்மானித்ததா, அந்த ராத்திரி தானாக அமைந்ததா?

பழையஊசி:
இரண்டும்தான். ஒரு நாள் கச்சேரிக்கு வந்துபோனவர்கள் இல்லை, அந்த லவுஞ்சின் ஹவுஸ் டிரியோவே, அதாவது அங்கேயே நிரந்தரமாக வாசிக்கும் குழுவே, அவர்கள்தான். இரவுக்கு இரவு அதே இடத்தில் வாசித்தால் எங்கே விட்டுவிடலாம் என்பது கைக்கே தெரிந்துவிடும். 43 டிராக் பதிவு செய்து 8 மட்டும் ஆல்பத்தில் வைத்தார்கள்.

ஒற்றைக்கட்டை:
எனக்கு இது ஹோட்டலில் சாப்பிடும்போது பின்னால் ஓடுகிற இசையாகத்தான் படுகிறது. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பழையஊசி:
கோபமெல்லாம் இல்லை, அப்போதே சில விமர்சகர்கள் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் தன் பியானோக்காரர் ரெட் கார்லண்டிடம் ஜமால் மாதிரி வாசிக்கச் சொன்னவர். ஜமால் வாசிக்காமல் விடும் இடம்தான் மைல்ஸைப் பிடித்து இழுத்தது. ஆல்பமும் 100 வாரங்களுக்கு மேல் விற்பனைப் பட்டியலில் நின்றது.

தோல்வாத்தியம்:
டிரம்மரைப் பற்றி யாரும் பேசவில்லையே! வெர்னல் ஃபோர்னியே, நியூ ஆர்லியன்ஸ்காரர். அந்த ஆல்பத்தின் 'பாயின்சியானா' பாட்டில் (பெயர் நம் மயில்கொன்றை இனத்து மரத்தினுடையதுதான்) ஒரு கையில் மாலெட் (நுனியில் மெத்தென்ற உருண்டை வைத்த கோல்), இன்னொரு கையில் குச்சி, இரண்டு பேர் வாசிப்பது போலவே இருக்கும். அதே பாட்டை 1955இல் ஸ்டுடியோவில் டிரம்ஸ் இல்லாமல், ரே கிராஃபோர்டின் கிடாரோடு பதிவு செய்திருக்கிறார்கள். பாஸ் இரண்டிலும் இஸ்ரேல் கிராஸ்பிதான். அடுத்தடுத்துக் கேளுங்கள்.

இரவுரேடியோ:
கேட்டேன். 1955இல் தாளத்தைக் கிடார் தூக்கிச் சுமக்கிறது. பெர்ஷிங்கில் அந்த வேலையை டிரம்ஸ் வாங்கிக்கொண்டதால் ஜமால் சும்மா இருக்கத் துணிகிறார், எட்டு நிமிடம் போனதே தெரியவில்லை. பழையஊசி, மீதி 35 டிராக்கில் வேறு எதுவாவது வெளிவந்திருக்கிறதா?

பழையஊசி:
வந்திருக்கிறது. இரண்டாவது தொகுதி என்று தேடுங்கள்.