2014ஆம் ஆண்டு மடிக்கணினிக்கு எஸ்எஸ்டி பொருத்துவது பயன் தருமா?

ஈசூன்வாசி:

வணக்கம். ஓய்வுபெற்ற தமிழாசிரியையான என் தாயார், 2014இல் வாங்கிய மடிக்கணினியையே இன்னும் பயன்படுத்துகிறார். நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 செயலி, 4 ஜிபி ரேம், 500 ஜிபி வன்தட்டு, விண்டோஸ் 10. பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் கலக்கப் போனால், குடித்து முடித்த பிறகும் அது தயாராவதில்லை. புதியது வாங்கித் தருகிறேன் என்றாலும் அவர் இணங்கவில்லை. விசைப்பலகை கைக்குப் பழகிவிட்டது என்பது ஒரு காரணம். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பாடக்குறிப்புகள் நிறைய இருப்பது மற்றொன்று. வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சில்லுகளில் தரவைச் சேமிக்கும் தட்டு) பொருத்தினால் வேறுபாடு தெரியுமா? சிங்கப்பூரின் மின்னணுக் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்குவேரில் விசாரித்தபோது 2.5 அங்குலம், எம்.2, என்விஎம்இ என்று பல வகைகளைக் காட்டினார்கள். எதை வாங்குவது? உள்ளதை அப்படியே நகலெடுக்கலாமா, விண்டோஸைப் புதிதாக நிறுவ வேண்டுமா?

திருப்புளி:

வேறுபாடு நிச்சயமாகத் தெரியும், ஏனெனில் தாமதத்தின் பெரும்பகுதி செயலியில் இல்லை, வன்தட்டில்தான் இருக்கிறது. நிமிடத்திற்கு 5400 முறை சுழலும் தட்டில், வேண்டிய இடம் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஏறத்தாழ 5.5 மில்லிநொடி ஆகிறது. முனை நகரும் நேரத்தையும் சேர்த்துக்கொண்டால், அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளில் நொடிக்கு நூறைக்கூட அதனால் படிக்க முடிவதில்லை. விண்டோஸ் தொடங்கும்போது படிப்பதோ அத்தகைய துண்டுகளை ஆயிரக்கணக்கில். எஸ்எஸ்டியில் சுழலும் பகுதியே கிடையாது என்பதால் அந்தக் காத்திருப்பு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. பெட்டியின்மேல் நொடிக்கு 550 எம்பி என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அது பெரிய கோப்பு ஒன்றைத் தொடர்ச்சியாகப் படிக்கும் வேகம், உங்கள் தாயாருக்கு அது அவ்வளவு முக்கியமில்லை.

வாங்க வேண்டியது 2.5 அங்குல சாட்டா (பழைய வன்தட்டும் பயன்படுத்தும் இணைப்பு முறை) வகை. பழைய வன்தட்டு இருந்த இடத்திலேயே, அதே இணைப்பில் அது பொருந்தும். தற்போது விற்பவை 7 மில்லிமீட்டர் தடிமன் கொண்டவை; பழையது 9.5 மில்லிமீட்டராக இருந்தால் இடைவெளியை நிரப்ப ஒரு பிளாஸ்டிக் சட்டம் தேவைப்படும். அந்தக் காலத்துக் கணினி சிலவற்றில் எம்.2 துளை (சிறு அட்டை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) இருந்தாலும், அது பெரும்பாலும் சாட்டா வகையை மட்டுமே ஏற்கும். சாட்டாவைவிட வேகமான என்விஎம்இ வகையைச் செருக இடமிருந்தாலும் அதிலிருந்து விண்டோஸ் தொடங்காமல் போகலாம். எனவே கடைக்காரர் வேகத்தைக் காட்டி அதை விற்க முனைந்தால் மறுத்துவிடுங்கள்.

ரேமையும் கவனியுங்கள். 4 ஜிபி நிரம்பியதும் விண்டோஸ் தட்டையே ரேமாகப் பயன்படுத்தத் தொடங்கிவிடும். காலித் துளை இருந்தால் இன்னொரு 4 ஜிபி சேர்ப்பது நல்லது, 1.35 வோல்ட்டில் இயங்கும் டிடிஆர்3எல் வகை என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.

தெம்பனிஸ்தமிழ்:

வாங்குவதற்கு முன் பழைய வன்தட்டின் உடல்நிலையைச் சோதியுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கையையும், படிக்க முடியாமல் நிலுவையில் உள்ள பகுதிகளின் எண்ணிக்கையையும் காட்டும். இவை சுழியமாக இல்லாவிட்டால், நகலெடுக்கும் வேலையை உடனே தொடங்காமல், பாடக்குறிப்புகளை மட்டும் முதலில் வேறொரு யுஎஸ்பி தட்டுக்கு மாற்றுங்கள். பழுதுபட்ட தட்டை முழுவதும் படிக்க வைப்பதே அதன் கடைசி மூச்சாகிவிடக்கூடும்.

ஈசூன்வாசி:

இருவருக்கும் நன்றி. சோதித்துவிட்டேன், இரண்டும் சுழியம். கடையில் 480 ஜிபி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, அதை எடுக்கலாமா? எழுத்துருக்கள் குறித்தும் யாராவது சொல்ல முடியுமா?

திருப்புளி:

480 வேண்டாம், 500 வாங்குங்கள். குளோன்சில்லா என்ற இலவச நகலெடுப்புக் கருவி, புதிய தட்டு பழையதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. பாதிக்குமேல் காலியாக இருந்தாலும் அது இணங்காது. பழைய பிரிவுகளைச் சுருக்கிவிட்டுச் செய்யலாம்தான், ஆனால் சில வெள்ளிகளை மிச்சப்படுத்த அவ்வளவு பாடுபடத் தேவையில்லை. சாட்டாவிலிருந்து யுஎஸ்பிக்கு மாற்றும் கம்பி ஒன்று போதும். எஸ்எஸ்டிக்கு வேண்டிய மின்சாரமும் அதன் வழியாகவே வந்துவிடும். நகலெடுத்த பிறகு கணினியை அணைத்து, மின்கலத்தின் இணைப்பைக் கழற்றிய பின்னரே பின்மூடியைத் திறந்து மாற்றுங்கள்.

எழுத்துருக்களைப் பொறுத்தவரை, அப்படியே நகலெடுத்தால் எதுவும் மாறாது, அதனால் உங்கள் நிலையில் நானும் அதையே தேர்ந்தெடுப்பேன். புதிதாக நிறுவினால் விண்டோஸின் எழுத்துருக் கோப்புறையில் உள்ளவற்றைத் தனியே எடுத்துவைக்க வேண்டும். டிஸ்கி போன்ற பழைய குறியாக்கத்தில் எழுதிய ஆவணம், அதற்குரிய எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். என்றாவது ஒருநாள் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவியால் அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நலம்.

பொங்கோல்பயனர்:

ஒரு மாற்றுக் கருத்து. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைச் செயலியையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் எதிர்பார்ப்பதால், இந்தக் கணினிக்கு முறைப்படி அது கிடைக்காது. எஸ்எஸ்டி வேகத்தைத் தரும், பாதுகாப்பைத் தராது. அம்மா அதில் இணைய வங்கிச் சேவையைப் பயன்படுத்துகிறார் என்றால் விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட்டைப் பரிசீலியுங்கள். தமிழில் தட்டச்சு செய்யலாம், பழைய எழுத்துருக்களையும் அதில் நிறுவிக்கொள்ளலாம்.

ஈசூன்வாசி:

வங்கி வேலைகளைக் கைத்தொலைபேசியில்தான் செய்கிறார், எழுதுவதற்கு மட்டுமே மடிக்கணினி. எனவே இப்போதைக்கு விண்டோஸ் 10ஐ அப்படியே நகலெடுத்து, பெரும்பாலும் இணையத்தில் இணைக்காமல் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்துள்ளேன். கழற்றிய பழைய வன்தட்டை மின்கழிவுத் தொட்டியில் போட்டுவிடலாமா?

தெம்பனிஸ்தமிழ்:

உடனே போடாதீர்கள். எஸ்எஸ்டி பழுதடையும்போது பல நேரங்களில் எந்த முன்னறிகுறியும் இல்லாமல் ஒரேயடியாகச் செயலிழந்துவிடும். நல்ல நிலையில் உள்ள அந்த வன்தட்டை ஒரு யுஎஸ்பி உறையில் போட்டு, பாடக்குறிப்புகளின் இரண்டாம் படியை அவ்வப்போது அதில் சேமித்து வாருங்கள். பின்னர் தொட்டியில் போடும் நாள் வந்தால், தரவை முழுவதும் அழித்துவிட்டுப் போடுங்கள். கோப்புகளைக் குப்பைக் கூடைக்கு அனுப்புவது மட்டும் போதாது.