சைட்டேஷனுக்குத் தமிழில் என்ன போடுகிறீர்கள்?

குழு நண்பர்களுக்கு வணக்கம். ஊட்டி, குன்னூர் கல்லூரி மாணவர்களுக்காக ஆய்வேடு எழுதும் முறை பற்றி ஒரு சிறு கையேடு தயாராகிறது. 'சைட்டேஷன்', அதாவது கருத்தோ வாசகமோ எந்த நூலில் இருந்து வந்தது என்று குறிப்பிடுவது, என்ற இடத்தில் வேலை நின்றுவிட்டது.

வேரில் குழப்பமில்லை. லத்தீன் 'சிட்டாரே' என்றால் அசைத்தல், கூப்பிடுதல். ஆங்கிலத்துக்கு 1300 வாக்கில் வந்தபோது அது கோர்ட்டு அழைப்பாணை. நூலிலிருந்து எடுத்துக்காட்டும் பொருள் 16ஆம் நூற்றாண்டில்தான் சேர்ந்தது. வெலிங்டன் ராணுவத்தாரிடம் கேட்டால் விருதோடு வாசிக்கும் பாராட்டுரை என்பார்கள். வக்கீல்களுக்கோ தீர்ப்பு வெளியான இடத்தைக் காட்டும் குறிப்பு: 'ஏஐஆர் 1973 எஸ்சி 1461' (ஆல் இந்தியா ரிப்போர்ட்டர் என்ற தீர்ப்புத் தொகுப்பு, ஆண்டு, சுப்ரீம் கோர்ட்டு), அதாவது கேசவானந்த பாரதி தீர்ப்பு. கடைசி எண் பக்கம்.

சைட்டேஷனுக்கு 'மேற்கோள்' என்று போடுவதில்தான் சிக்கல். அது பிறர் வாசகத்தை அப்படியே தருவது. கருத்தை மட்டும் நம் நடையில் சொன்னாலும் சைட்டேஷன் வேண்டுமே! மேற்கோள்குறி இல்லையென்றால் ஆதாரமும் வேண்டாம் என்று பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். டபிள்யூ. பிரான்சிஸ் எழுதிய 1908 நீலகிரி கெசட்டியரை (மாவட்ட விவர நூல்) சுருக்கி எழுதினாலும் பக்க எண் கட்டாயம். மறுபதிப்பைப் பார்த்திருந்தால் அதன் ஆண்டும் வேண்டும், பக்கங்கள் மாறியிருக்கலாம்.

முந்தைய அடிக்குறிப்பில் சொன்ன அதே நூல் என்று காட்டப் போடும் 'மேலது' தனித் தலைவலி. நடுவில் புது அடிக்குறிப்பு ஒன்று நுழைந்தால் போதும், வேறு நூலைக் காட்டிவிடும். அதனால் கடைசித் திருத்தம் முடியும்வரை ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்கம் என்றே எழுதச் சொல்கிறோம்.

இப்போதைக்குக் கையில் இருப்பவை 'சான்று காட்டல்', 'சுட்டுகை'. முன்னதில் சான்றிதழ் வாடை அடிக்கிறது. உங்கள் துறையில் எது புழக்கம்? அச்சான ஆய்வேட்டுப் பக்கத்தைப் படமெடுத்துப் போட்டால் நல்லது. அடிக்குறிப்பும் ஆண்டும் தெளிவாகத் தெரியட்டும்.