மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்போர் குழு: சீனிப்பாகு கொடுப்பவரைச் சேர்க்கலாமா?

குழித்துறைக்காரன்:
மார்த்தாண்டம், அருமனை, குலசேகரம் வட்டாரத்தில் பெட்டி வைத்திருப்பவர்கள் ஒரு சின்னக் குழுவாகச் சேரலாம் என்று நினைக்கிறேன். விற்பனை, மானியம் பார்க்கச் சங்கங்கள் இங்கே உண்டு. நான் கேட்பது தேனை விடத் தேனீயை முதலில் பார்க்கிறவர்களுக்கான குழு. மாதம் ஒரு ஞாயிறு ஒருவர் தோட்டத்தில் கூடிப் பெட்டிகளைத் திறந்து பார்ப்போம். நிபந்தனை மூன்றுதான். பெட்டிக்கு மேலே தேன் சேர வைக்கும் மேலறையின் தேனை மட்டும் எடுக்க வேண்டும், கீழே குஞ்சு வளரும் புழு அறை அடையைத் தொடக் கூடாது. மழைக்காலத்துக்கு ஒரு பங்கு தேனைக் கூட்டிலேயே விட வேண்டும். தேனீக்குத் தீனியாகச் சீனிப்பாகு கொடுக்கக் கூடாது.

ரப்பர்தோட்டம்:
முதல் இரண்டும் சரி, அண்ணாச்சி. மூன்றாவதை வைத்தால் பெட்டியை நம்பிப் பிழைக்கிற ஒருவரும் வரமாட்டார்.

ரப்பரில் தேன் கிடைப்பது பூவிலிருந்து இல்லை. இலை உதிர்ந்து புதுத் தளிர் வரும்போது காம்பில் சுரக்கிறதே, அதுதான் நமக்குத் தேன். ஜனவரியில் தொடங்கினால் ஏப்ரல் வாக்கில் முடிந்துவிடும். ஜூனில் மழை பிடித்தால் செப்டம்பர் வரை ரப்பர் காட்டுக்குள் தேனீக்கு ஒன்றுமே இல்லை. நம் நாட்டுத் தேனீ பட்டினியைப் பொறுத்துக்கொண்டு இருக்காது, கூட்டோடு கிளம்பிப் போய்விடும். அடை கட்ட 7 மரச்சட்டம் உள்ள நியூட்டன் வகைச் சின்னப் பெட்டியில் எவ்வளவு தேனைத்தான் விட்டுவைக்க முடியும்? மழையில் தேனீக் கூட்டம் சுருங்கும்போது காவலுக்கு ஆள் இல்லாத அடையில், அதைத் தின்னும் மெழுகு அந்துப்பூச்சி ஏறிவிடும். பசித்த வாய்க்குப் பாகு கொடுப்பது எப்படிக் கெடுதல் ஆகும்?

இன்னொன்று. 1920களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. மையத்தில் அமெரிக்கர் ஸ்பென்சர் ஹாட்ச் இருந்த காலத்தில் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்ததே, சிறு விவசாயி கையில் நாலு காசு புரளட்டும் என்றுதான். வருமானம் பார்ப்பவன் தேனீக்கு எதிரி என்பதுபோல ஒரு குழுவை இந்த ஊரில் தொடங்காதீர்கள்.

குழித்துறைக்காரன்:
வருமானத்தை நான் பழிக்கவில்லை, தம்பி. ஆடி மழையில் உயிர் காக்கக் கொடுக்கிற பாகோடு நின்றால் எனக்குப் பேச்சே இல்லை. மேலறை வைத்த பிறகும் ஊற்றுகிறார்கள். அதை வாங்கித் தின்கிற பிள்ளைகளுக்குத் தேன் என்று சொல்லிக் கொடுக்கிறோம். தேனீ அடையை மெழுகால் மூடுவதற்கு முன்பே பிழிந்து, நீர்ப்பதம் 20 சதவீதத்துக்குள் வர அடுப்பில் காய்ச்சுகிறவர்களும் இருக்கிறார்கள். இதற்கெல்லாம் சேர்த்துத்தான் கோடு போடச் சொல்கிறேன். அப்புறம், ரப்பருக்கு நடுவில் மட்டும் பெட்டி வைத்துவிட்டுப் பட்டினி என்றால் எப்படி? ரப்பர் முடிந்ததும் தென்னை, முருங்கை இருக்கிற இடத்துக்குக் கொஞ்சம் பெட்டிகளையாவது மாற்றலாமே.

அருமனை அக்கா:
இரண்டு பேரும் சீனியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். 1991-92இல் தாய் சாக்புரூட் என்ற புழு நோய் வந்தபோது எங்கள் வீட்டில் வரிசையாகக் காலிப் பெட்டிகள்தான் மிச்சம். தென்னிந்தியா முழுக்க அதுதான் கதை. புழு கூட்டுப்புழு ஆகும் முன்பே செத்து, நீர் கட்டின பை மாதிரி அறையில் கிடக்கும். வைரஸ் நோய், அதற்கு மருந்து கிடையாது. ராணியைக் கொஞ்ச நாள் அடைத்து வைத்து முட்டையை நிறுத்தலாம், நோயில் தப்பிய கூட்டத்திலிருந்து பிரித்துப் பெருக்கலாம். அவ்வளவுதான் நம்மால் ஆகும்.

அதனால் தம்பி குழித்துறை, உங்கள் ஞாயிற்றுக்கிழமைத் திட்டம்தான் எனக்குப் பயம். பத்துப் பேர் ஒரே கத்தி, ஒரே கையோடு பெட்டி பெட்டியாகத் திறந்தால் நோயை நாமே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்போம். தேன் எடுக்கிற மெஷினை இரவல் கொடுப்பதும், அடை வைத்த சட்டத்தை மாற்றிக்கொள்வதும் அப்படித்தான். முதல் நிபந்தனை இதுவாக இருக்கட்டும்: புழு செத்துக் கிடப்பதைப் பார்த்தால் அன்றைக்கே மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது.

கருங்கல் மாடி:
நான் புதிது. இரண்டு பெட்டி வாங்கியிருக்கிறேன், கூட்டம் இன்னும் இல்லை. வெளியூரிலிருந்து வரவழைக்கலாமா அக்கா?

அருமனை அக்கா:
வேண்டாம் மோளே. அக்டோபருக்கு மேல் இங்கேயே கூட்டம் பெருகிப் பிரியும். அப்போது பக்கத்தில் நல்ல கூட்டம் வைத்திருப்பவரிடம் ஒரு பிரிவு கேள். குழு இருந்தால் அதற்குத்தான் முதலில் உதவும்.

தக்கலை விவசாயி:
நான் தேனீ வளர்ப்பவன் இல்லை, முந்திரி வைத்திருக்கிறேன். முந்திரியைத் தாக்கும் தேயிலைக் கொசு என்ற பூச்சிக்குத் துளிரில், பூவில், பிஞ்சில் என்று மூன்று தடவை மருந்து அடிக்கிறோம். நடுவில் உள்ளதுதான் உங்கள் தேனீயைக் கொல்லும். பக்கத்தில் பெட்டி இருக்கிறது என்று இதுவரை ஒருவரும் என்னிடம் வந்து சொன்னதில்லை. சொன்னால் தேனீ கூடு திரும்பிய பிறகு, சாயங்காலம் அடிப்பேன். என்னைப் போன்றவர்களுக்கு உங்கள் குழுவில் இடம் உண்டா?

ரப்பர்தோட்டம்:
இவரை முதலில் சேருங்கள். நான் பாகு ஊற்றுவதால் சாகிற தேனீயை விட, தெரியாமல் அடிக்கிற மருந்தில் சாவது அதிகம்.

குழித்துறைக்காரன்:
ஐயா கட்டாயம் வர வேண்டும். ஆனால் அதைக் காட்டிப் பாகுப் பேச்சை மூடிவிட முடியாது. சங்கமாகப் பதிய 7 பேர் போதும். ஆள் சேர வேண்டும் என்பதற்காகக் கொள்கையைத் தளர்த்தினால், இன்னொரு விற்பனைச் சங்கம்தான் மிஞ்சும்.

நான் எழுதப்போவது இது: மேலறை வைத்த நாளிலிருந்து எடுக்கிற நாள் வரை பாகு கூடாது. மழையில் கொடுக்கலாம், ஆனால் எத்தனை பெட்டிக்குக் கொடுத்தோம் என்று குழுவில் சொல்ல வேண்டும். ஞாயிறு கூடும்போது அந்த வீட்டுக்காரர் மட்டும் பெட்டியைத் தொடட்டும், அக்கா சொன்னது சரி.

ரப்பர்தோட்டம்:
எத்தனை பெட்டி என்று ஏன் சொல்ல வேண்டும்? கணக்குக் கேட்கத் தொடங்கினால் நாளை ஏன் இவ்வளவு என்று கேட்பீர்கள். அந்த வரியை எடுத்தால் என் பெயரைப் போடுங்கள். அப்புறம், "ஒரு பங்கு தேன்" என்றால் எத்தனை சட்டம் என்று இப்போதே எழுதுங்கள். இல்லாவிட்டால் ஏப்ரலில் சண்டை அதில்தான் வரும்.